மணல் விழாத வாளி

சீங்கலஹள்ளி போலீஸ் ஸ்டேஷனில் அந்த வியாழக்கிழமை காலை கைதாகி இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் சவரி. இன்னொன்று ஒரு சிவப்பு வாளி.

சவரிக்குக் கம்பிக்குப் பின்னால் வெறுந்தரை. வாளிக்கு இன்ஸ்பெக்டரின் மேஜை. அதன் கைப்பிடியில் சணல் கட்டி, சணலுக்கு அரக்கு வைத்து, அரக்குக்குப் பக்கத்தில் ஓர் அட்டையும் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு பேரில் மரியாதை யாருக்கு என்று உள்ளே வந்தவர்களுக்குக் கேட்காமலே தெரிந்தது.

உள்ளே வந்தவர்களும் இரண்டு பேர்தான். முன்னால் வந்தவர் தீர்த்தகிரி. தர்மபுரியில் சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர். அதற்கு முன் எடைக்கல் முத்திரை இன்ஸ்பெக்டராக இருந்தார். படிக்கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டியிருக்கிறார்களா என்று கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தே இருபது வருஷம் போயிற்று. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. டீக்கடையில் குடித்து முடித்த கிளாஸைக்கூட ஒரு தடவை கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார்.

பின்னால் வந்தவள் ராமக்காள், அவருடைய உதவியாளர். வயது நாற்பது. பன்னிரண்டு வருஷம் டெலிபோன் எக்சேஞ்சில் லைன் போட்டுக் கொடுத்தவள். ஊரார் பேச்சை ஒட்டுக் கேட்டாள் என்பதற்காக அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவள் நடுவில் புகுந்து, "அது போன மாசம் இல்லீங்க, அதுக்கு முந்தின மாசம்" என்று திருத்தினாள் பாருங்கள், அதற்காக அனுப்பினார்கள்.

"வாளிக்கு ஜாமீன் உண்டுங்களா சார்?" என்று ராமக்காள் இன்ஸ்பெக்டரைக் கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் பெரியண்ணன் சிரிக்கவில்லை. நாலு நாளாகச் சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. ஊரை ஒட்டி, பழைய சண்டைக் காலத்தில் விமானம் இறக்கப் போட்ட ஓடுதளம் ஒன்று சும்மா கிடக்கிறது. மூன்று வருஷமாக அதில் கார்ப் பந்தயம் நடக்கிறது. பெங்களூர், மதராஸ், கல்கத்தா என்று பெரிய கைகளெல்லாம் வந்து ஓட்டுகிற பந்தயம். போன ஞாயிற்றுக்கிழமை தெற்கு வளைவில் ஒரு கார் கவிழ்ந்து தீப்பிடித்தது. ஓட்டியவர் பெல்லியப்பா, குடகுக்காரர், இருபத்தாறு வயது. வெளியே வரவில்லை.

அந்த வளைவுக்குத் தீக்காவல் சவரி. வெல்லம் காய்ச்சுகிற கொப்பரைக்கு அடுப்பெரிக்கிறவன். நெருப்புக்குப் பயப்படமாட்டான் என்று கூப்பிட்டு, கையில் ஒரு வாளி மணலைக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

"ஆரம்பத்துல தீ ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலந்தான். ஒரு வாளி மணல் போட்டிருந்தா அடங்கியிருக்கும். ஆயிரம் பேர் பார்த்தாங்க. இவன் வாளியக் கவுத்தான், ஒண்ணும் விழல. திரும்பக் கவுத்தான், விழல. திங்கக்கிழமை காலைல நான் போய் எடுத்தேன், வாளி காலி. மணலை எங்கியோ கொட்டிட்டு வாளிய வூட்டுக்குக் கொண்டுபோவ வெச்சிருக்கான். ஒரு வாளிக்காக ஒரு உசுரு. நாளைக்குக் காலைல தர்மபுரி கோர்ட்டு" என்றார் பெரியண்ணன்.

"கொட்டலீங்க," என்றான் சவரி உள்ளேயிருந்து. நாலு நாளாக அதே வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லிக் குரல் தேய்ந்திருந்தது. "சாய்ச்சனுங்க. ஒரு பிடி வுழுந்துச்சு. மிச்சம் வுழுவலீங்க."

அவனுடைய இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தன. வாளியை எறிந்துவிட்டு வெறும் கையை நெருப்புக்குள்ளே விட்டவன் அவன். கம்பிக்கு இந்தப் பக்கம் அவன் மனைவி இன்னாசியம்மாள் குந்தியிருந்து கூழை ஒவ்வொரு வாயாக ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்து மாதா கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்குப் போனனுங்க," என்றாள் ராமக்காளிடம். "நான் உக்காந்ததும் பெஞ்சு காலியாயிடுச்சு. மனுசன் எரியறதை நின்னு பார்த்தவன் பொண்டாட்டியாம். இவரு ஜெயிலுக்குப் போனாக்கூட ஒரு நாள் திரும்பி வந்துடுவாரு. இந்தப் பேரு திரும்பிப் போவுங்களா?"

ராமக்காள் கூழ்ப் பாத்திரத்தை அவள் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் தீர்த்தகிரியை விசாரணைக்கு அமர்த்திய கட்சிக்காரர் உள்ளே வந்தார். மேஜர் வெங்கடாசலம். பட்டாளத்திலிருந்து ஓய்வு; பந்தய மன்றத்தின் பாதுகாப்பு அதிகாரி. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சராய், வெள்ளை மீசை. சலவைக் கடையிலிருந்து ஆளையே மடித்து எடுத்து வந்த மாதிரி இருந்தார். ஒரு கான்ஸ்டபிள் ஓடிப்போய் நாற்காலி போட்டார்.

"செத்த பையனோட அப்பா காபி எஸ்டேட்காரர். போலீஸ் சொன்னா போதாதாம், தனியா ஒருத்தர் விசாரிக்கணுமாம். போலீஸ் கண்டுபிடிச்சதையே நீங்களும் ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, மிஸ்டர் தீர்த்தகிரி. சாயங்காலம் தபாலுக்குள்ள கிடைச்சா நல்லது" என்றார் மேஜர்.

"மணல் இருந்ததுங்கிறது நிச்சயங்களா?" என்று கேட்டார் தீர்த்தகிரி.

"எட்டு வளைவு, எட்டு வாளி. ஒவ்வொண்ணுலயும் நானே கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் போச்சு."

தீர்த்தகிரி வாளியை எடுத்தார். எதிர்பார்த்த மாதிரியே கவிழ்த்தார். விரலால் உள்பக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, விரல் நுனியைப் பார்த்தார். பிறகு அதை ராமக்காளிடம் நீட்டினார்.

"சுத்தமா இருக்குதுங்க சார்," என்றாள் அவள். "புதுப் பொண்டாட்டி கழுவின பாத்திரமாட்டம்."

"மணல் இருந்த வாளியைக் கொட்டினா, அடித் தகடு சேர்ற மூட்டு வாய்ல நாலு மணலாவது ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும்," என்றார் தீர்த்தகிரி மெல்ல. "மேஜர் சார், ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் வேணும். வண்டி ஒண்ணு கிடைக்குமா?"

"என் காரை எடுத்துக்கங்க. டிரைவர் பச்சியப்பன் எங்க வேணும்னாலும் கொண்டுபோவான்."

டிரைவர் பச்சியப்பன் வாசலில் காக்கித் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தான். எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகிற ஆள் மாதிரி தெரியவில்லை. உடனே எங்கேயாவது போய்விட வேண்டும் என்கிற ஆள் மாதிரி தெரிந்தான்.

ஓடுதளத்தில் கார் எரிந்த இடம் ஒரு கறுப்புப் பாய் விரித்த மாதிரி கிடந்தது. அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். ஒருவன் உருகிப்போன ஒரு தகரத் துண்டைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வேர்க்கடலை விற்கிறவன், "செத்த எடம் இந்தப் பக்கமுங்க, செத்த எடம் இந்தப் பக்கமுங்க" என்று வழி சொல்லிக்கொண்டே வியாபாரம் பண்ணினான்.

"அன்னிக்கு அப்புறம் பந்தயத்தை நிறுத்திட்டாங்களா?" என்று ராமக்காள் அவனிடம் கேட்டாள்.

"ஏனுங்க நிறுத்தறாங்க? படுதா போட்டு மூடிட்டு, அரை மணி நேரங் கழிச்சு அடுத்த ரேசு வுட்டாங்க. கப்பு குடுத்தாங்க, பாண்டு வாசிச்சாங்க."

"படுதாவுக்குப் பக்கத்துலயா?"

"பாண்டு அந்தக் கோடியிலங்க," என்றான் கடலைக்காரன், ஏதோ அதில் ஒரு மரியாதை இருக்கிற மாதிரி.

ராமக்காள் டெலிபோனில் கல்யாணப் பேச்சு, சொத்துத் தகராறு, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் கேட்டவள். இப்படி ஒரு லைனை அவள் இதுவரை கேட்டதில்லை.

"ராமக்கா, இங்க வா."

தீர்த்தகிரி கறுப்புப் பாயின் விளிம்பில் குந்தியிருந்தார். பாலக்கோட்டுப் பக்கம் பூமி பூராவும் செம்மண் என்பது பஸ்ஸில் போகிறவனுக்குக்கூடத் தெரியும், வேட்டியில் படிகிற தூசி சொல்லும். அந்தச் செம்மண்ணில் ஒரு கைப்பிடி அளவு வெள்ளை மணல் சிதறிக் கிடந்தது. ஆற்று மணல். ஒரே ஒரு கைப்பிடி.

"ஒரு பிடி வுழுந்துச்சு, மிச்சம் வுழுவலேன்னான்," என்றாள் ராமக்காள்.

"அந்த ஒரு பிடி இது. அப்போ மிச்சம்?"

"வாளியிலயே இருந்திருக்கணும். ஆனா மேஜையில இருக்கிற வாளியில மணல் வாசனையே இல்லீங்களே."

"அதனால அது வேற வாளி." தீர்த்தகிரி எழுந்து வேட்டியைத் தட்டினார். "தம்பி பச்சியப்பா, பந்தயத்துக்கு வாளியெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

பச்சியப்பன் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான். பதில் அதற்குள் இல்லை. "சினிமாக் கொட்டாயிலருந்துங்க," என்றான் கடைசியில்.

சினிமாக் கொட்டாய் நஞ்சப்பனுடையது. கீற்றுக் கூரை, மணல் தரை, பின்னால் நாலு வரிசை பெஞ்சு. கொட்டாய்க்கு லைசென்ஸ் வேண்டுமானால் கம்பத்துக்குக் கம்பம் சிவப்பு வாளியில் மணல் தொங்க வேண்டும் என்பது சட்டம். தொங்கிற்று. ஏழு வாளி.

"எட்டு குடுத்தனுங்க, ஏழு வந்துச்சு," என்றார் நஞ்சப்பன். "மன்றத்துல அவசரமா கேட்டாங்க, நானும் ஊருக்குப் பெருமையாச்சேன்னு குடுத்தேன். எட்டாவது எங்கன்னு கேட்டா, போலீஸ்ல இருக்குதுங்கறாங்க."

"போலீஸ்ல இருக்கிறது உங்களது இல்லீங்க. உங்களதைத்தான் தேடறோம்," என்றாள் ராமக்காள். பேசிக்கொண்டே பக்கத்துக் கம்பத்திலிருந்து ஒரு வாளியை இறக்கினாள். மேலாக வெள்ளை மணல், விளிம்பு வரைக்கும், கோலம் போடலாம் போல. புதுச் சிவப்புச் சாயம் வேறு. இரண்டு கையாலும் தூக்கித் தரையில் கவிழ்த்தாள்.

ஒரு பிடி விழுந்தது.

மிச்சம் விழவில்லை.

ராமக்காள் குலுக்கினாள். கம்பத்தில் அடித்தாள். வாளி நசுங்கிற்றே தவிர ஒன்றும் அசையவில்லை. தீர்த்தகிரி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வெள்ளை மணலுக்குக் கீழே கறுஞ்சிவப்பாக, பளபளவென்று, ஈரம் காய்ந்த ஈரல் மாதிரி என்னவோ இறுகிக் கிடந்தது. வாசனையும் வந்தது.

"என்னங்க இது?" என்றாள் ராமக்காள், மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு.

"மணல்தானுங்க," என்றார் நஞ்சப்பன், லேசாகக் கூச்சப்பட்டு. "ஆனா ஜனங்க பத்து வருசமா வெத்தல போட்டுத் துப்பறாங்க. படம் பார்க்கறவன் எந்திரிச்சு வெளியவா போவான்? கைக்கு எட்டற தூரத்துல வாளி. துப்பிடறான்."

"பத்து வருஷ எச்சில்."

"எச்சிலோட சுண்ணாம்பும் போவுதில்லீங்களா. மணலும் சுண்ணாம்பும் சேர்ந்தா என்ன ஆவும்னு கொத்தனாரைக் கேளுங்க. போன வருசம் ஒண்ணைக் காலி பண்ணலாம்னு கடப்பாரை போட்டேன். கடப்பாரை வளைஞ்சு போச்சு."

"லைசென்ஸ் குடுக்கறவங்க பார்க்கலியா?"

"பார்த்தாங்க. வாளில மணல் இருக்கணும்னு சட்டங்க. வாளிலருந்து மணல் வுழணும்னு சட்டத்துல இல்லீங்களே."

ராமக்காள் கையைத் தரை மணலில் தேய்த்தாள். திருப்பித் திருப்பித் தேய்த்தாள். ஒரு மனுஷன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எரிகிறான்; பத்தடி தூரத்தில் இன்னொருவன் ஊராரின் எச்சில் கட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்க்கிறான்.

"மேல இந்த வெள்ளை மணல்?" என்று தீர்த்தகிரி கேட்டார்.

"அது மன்றத்துல போட்டதுங்க. பார்க்க அசிங்கமா இருக்குதுன்னு மேலாக்க ஒரு பிடி தூவி, புதுசா சாயம் அடிச்சாங்க."

வெளியே வந்ததும் ராமக்காள் நின்றாள். "சார், முழங்கை வரைக்கும் கை போச்சுன்னாரே மேஜரு. இதுல போயிருந்தா கையில மாவுக்கட்டு இல்ல போட்டிருக்கணும்?"

"கட்சிக்காரரைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி வாளியைப் பத்திப் பேசுவோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பழைய வாளியை எடுத்துட்டு, யாரோ புதுசு ஒண்ணைக் காலியா வெச்சிருக்காங்க. மணல் விழலேன்னு ஆயிரம் பேர் சொல்லுவாங்க. விழாத மணலைக் காட்டினா பழி வாளி வெச்சவன் மேல, காலி வாளியைக் காட்டினா சவரி மேல. சரி. ஞாயித்துக்கிழமை பொழுது சாயற நேரத்துல இந்தச் சுத்துவட்டாரத்துல புது வாளி எங்க கிடைக்கும்?"

"பாலக்கோட்டுலதாங்க. மத்த பாத்திரக் கடையெல்லாம் லீவு. குள்ளம்மாள் ஒருத்திதான் நாயித்துக்கிழமையும் தொறப்பா. புருஷன் மேல இருக்கிற கோவத்துல."

அது என்ன கோபம் என்று தீர்த்தகிரி கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாலக்கோடு போய்ச் சேரும் வரைக்கும் போதுமான கதை அவளிடம் இருந்தது.

பாலக்கோட்டில் தக்காளி மண்டி கலைகிற நேரம். டிராக்டரும் கூடையும் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. பாத்திரக் கடைத் தெரு முனையிலேயே பச்சியப்பன் காரை நிறுத்திவிட்டான்.

"டயருக்குக் காத்துப் புடிச்சிட்டு வந்துடறனுங்க. நீங்க நடந்து போயிடுங்க."

"காலைலதானே நாலுக்கும் புடிச்சே?" என்றாள் ராமக்காள்.

"ஸ்டெப்னிக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான்.

குள்ளம்மாள் கல்லாவில் உட்கார்ந்து ஒரு குண்டானில் டக் டக்கென்று பெயர் வெட்டிக்கொண்டிருந்தாள். சின்ன உளி, சின்னச் சுத்தி. புள்ளி புள்ளியாக எழுத்து விழுந்துகொண்டிருந்தது.

"நாயித்துக்கிழம சாயங்காலம் ஒரு வாளி வித்தனுங்க," என்றாள். "தகர வாளி, நடு சைசு. வாங்கின ஆளு தொப்பி போட்டிருந்தான். பறந்தான். நான் வுடல. பேரு வெட்டாம என் கடைய வுட்டு ஒரு கரண்டிகூடப் போவாதுங்க. கல்யாண வூட்டுலயும் சாவு வூட்டுலயும் பாத்திரம் மாறிப்போச்சுன்னா, என் வாசல்ல இல்ல வந்து நிக்கறாங்க?"

தீர்த்தகிரியும் ராமக்காளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பேரு வெட்டினீங்களா?"

"வெட்டாமயா? கைப்பிடி மாட்டற காதுக்குக் கீழ."

"என்ன பேருங்க?" என்றாள் ராமக்காள்.

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? எனக்குப் படிக்கத் தெரியாது. கடுதாசில எழுதிக் குடுத்தான், அதைப் பார்த்து அப்படியே புள்ளி வெச்சேன். ஒரு புள்ளி தப்பியிருக்காது, வேணும்னா பாருங்க."

கார் திரும்பி வரும்போது ராமக்காள் பச்சியப்பன் கழுத்தின் பின்புறம் வியர்த்து ஓடுவதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஸ்டேஷனில் மேஜர் நாற்காலியில் காத்திருந்தார். தபால் போகிற நேரம் நெருங்கிவிட்டது என்பதைக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"ஆச்சு சார்," என்றார் தீர்த்தகிரி. "ஒரே ஒரு வரி பாக்கி. இன்ஸ்பெக்டர் சார், வாளியைக் கொஞ்சம் திருப்பறீங்களா? காதுக்குக் கீழ சாயத்தைச் சுரண்டிப் பாருங்க."

பெரியண்ணன் முத்திரையைப் பார்த்துத் தயங்கினார். ராமக்காள் கொண்டை ஊசியை உருவி மேஜையில் வைத்தாள். அவர் சுரண்டினார். சிவப்பு செதில் செதிலாக உதிர்ந்தது. கீழே புள்ளிகள் தெரிந்தன. பள்ளிப் பிள்ளை மாதிரி இன்ஸ்பெக்டர் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

"மே... ஜ... ர்..." என்றார். அடுத்த எழுத்தில் சத்தம் குறைந்தது. அதற்கடுத்த எழுத்தை வாய்க்குள்ளேயே படித்தார். முழுக்கப் படித்து முடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெயரை நிமிர்ந்து பார்த்தார்.

வாசலில் நின்ற பச்சியப்பன் அழுகிற குரலில் ஆரம்பித்தான்.

"பேரு என்ன வெட்டறதுன்னு அந்தம்மா கேட்டாங்க. வேற யாரு பேருங்க குடுக்கறது? அய்யா வூட்டுல குண்டாவுலருந்து கரண்டி வரைக்கும் அய்யா பேருதானுங்க இருக்குது. வூட்டுச் சாமானுன்னு நெனச்சிட்டேன். அப்புறந்தான் சாயம் அடிக்கச் சொன்னாரு, அடிச்சேன். வளைவுல கொண்டுபோய் வெச்சிட்டு, பழசைக் கெணத்துல போடச் சொன்னாரு, போட்டேன். யாருகிட்டயும் மூச்சு வுடாதேன்னாரு."

"கொண்டாந்ததும் அய்யா பார்க்கலியா வாளிய?" என்றாள் ராமக்காள்.

"அய்யா வாளியெல்லாம் தொடமாட்டாருங்க."

மேஜர் எழுந்து நின்றார். முதலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு தமிழுக்கு வந்தார். "தொட முடியுமா அதை? நீங்க தொடுவீங்களா? ஊர்ல இருக்கிறவன் எல்லாம் துப்பினது. பார்த்ததும் எனக்குக் குமட்டிச்சு. மேல நல்ல மணல் போடச் சொன்னேன். கீழே கல்லாகி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கையை விட்டிருந்தா தெரிஞ்சிருக்கும் சார்," என்றார் தீர்த்தகிரி. "விட்டேன்னு காலைல எங்ககிட்டயே சொன்னீங்க. அது தெரியாம நடந்ததுன்னே வெச்சுக்குவோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நாலு நாள் இந்த ஆளை உள்ள உக்கார வெச்சிருக்கீங்க. அதுவும் தெரியாமலா?"

"இந்த ஒரு வாளிக்காக என்னைக் கொலைகாரன்னு எழுதுவீங்களா?" என்றார் மேஜர். "வெளிதேசத்துல வருஷா வருஷம் எத்தனை பேர் சாகறாங்க தெரியுமா? அதையெல்லாம் படிச்சு, இங்க ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு பாடுபட்டவன் நான். வளைவுக்கு வளைவு வைக்கோல் கட்டு நான் வெச்சது. ஹெல்மெட் இல்லாம ஓட்டக் கூடாதுன்னது நான். இந்த வருஷம் பெல்ட் கட்டாயம்னு சட்டம் போட்டவனே நான்தான். விமானத்துல கட்டற வார், உயர்ந்த சரக்கு, ஒவ்வொரு காருக்கும் நானே தருவிச்சேன். கார் உருண்டாலும் ஆள் தூக்கி எறியப்படமாட்டான்."

பெரியண்ணன் சாவியை எடுத்துப் போய்க் கம்பிக் கதவைத் திறந்தார். கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள், மேஜர் எழுந்ததில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்துச் சவரிக்குப் போட்டார். சவரி உட்காரவில்லை. இன்னாசியம்மாள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "போலாங்க, வாங்க, வூட்டுக்குப் போலாம்" என்று சின்னக் குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் நகரவில்லை. மேஜரையே பார்த்துக்கொண்டு நின்றான். அடிக்கப் போகிறானோ என்று ராமக்காளுக்குத் தோன்றிற்று. அடித்தால் தடுப்பதில்லை என்றும் தோன்றிற்று.

"அய்யா, ஒண்ணு கேக்கணுமுங்க," என்றான் சவரி. "அந்த வாருல முடிச்சு எங்கிங்க இருந்துச்சு?"

மேஜருக்குப் புரியவில்லை. "என்ன முடிச்சு?"

"அவிழ்க்கற முடிச்சுங்க. மணலு வுழுவலேன்னதும் கைய வுட்டுத் தேடுனனுங்க. தோளுகிட்ட பார்த்தேன், இடுப்பண்ட பார்த்தேன். மாட்டுத் தும்புக் கயித்துலகூட ஒரு சுருக்கு இருக்குமில்லீங்களா, அதாட்டம் எங்கியாச்சும் இருக்கும்னு. அவருக்கு ரெண்டு கையும் ஒடிஞ்சு தொங்குதுங்க. பேச்சு வரல. மோவாயால நெஞ்சத் தொட்டுத் தொட்டுக் காட்டினாரு." சவரி தன் மோவாயை நெஞ்சுக்குக் கொண்டுபோய்க் காட்டினான், இரண்டு தடவை. "நெஞ்சு வலிக்குதாட்டம் இருக்குதுன்னு நெனச்சு, தடவி வுட்டனுங்க."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தீக்காவலுக்கு நிறுத்தினீங்களே, வாரை எப்படிக் கழட்டறதுன்னு காட்டினீங்களா?" என்று தீர்த்தகிரி கேட்டார். மேஜர் வெங்கடாசலம் தரையைப் பார்த்தார். சவரி விடவில்லை. அவன் குரலில் கோபம் இல்லை. ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறவனின் குரல்.

"எங்கிங்க அய்யா இருந்துச்சு?"

"முடிச்சு கிடையாது," என்றார் மேஜர் கடைசியில். "நடு நெஞ்சுல ஒரு வட்டத் தகடு இருக்கும். அமுக்கினா நாலு வாரும் கழண்டுடும்."

"அமுக்கினா போதுமுங்களா?"

"போதும்."

"எத்தன நேரமாவுங்க?"

மேஜர் வாயைத் திறந்தார். மூடினார்.

சவரி தலையை ஆட்டினான். கட்டுப் போட்ட வலது கையைத் தூக்கினான். துணிக்குள்ளிருந்து கட்டைவிரல் மட்டும் மெல்ல முன்னால் வந்தது. எதிரே காற்றில், ஒரு மனுஷனின் நெஞ்சு இருக்கக்கூடிய உயரத்தில், ஒருமுறை அமுக்கிப் பார்த்தது.